ஆறு மணிக்குத் தடிக்கும் பாட்டு

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிப் பத்து நிமிடம் நடந்தால் அண்ணன் வீடு. கூடப் பிறந்தவர் இல்லை, பழக்கத்தில் அண்ணன். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் 210 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கிய 1994-ஐ ஒட்டி அங்கே பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர். பம்பும் பேரிங்குமாகவே இருந்து ஓய்வு பெற்றார். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, எந்தப் பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்கிற காது அவருடையது. அந்தக் காதுக்கே பிடிபடாத ஒரு கோளாறு அவர் வீட்டு ஹாலில் இருந்தது.

“தம்பி, பகல்ல நல்லாத்தான் பாடுது. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா தொண்ட கட்டிக்குது. டொம்மு டொம்முனு ஒரே எடத்துல நிக்குது.”

முதலில் கரண்ட் மேல்தான் அவருக்குச் சந்தேகம். ஆறு மணிக்கு ஊரே விளக்கு போடுகிறதே, வோல்டேஜ் இறங்கும் என்று மல்ட்டி மீட்டரோடு உட்கார்ந்து பார்த்தார். பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை. அடுத்து ஆம்ப்ளிஃபயரை மாற்றி, இன்னொருவரிடம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தார். அதே டொம்மு. புது ஸ்பீக்கருக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டு, ரிச்சி தெருவுக்குக் கூட வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்.

ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். பத்துக்குப் பத்து. தளமும் பத்தடி உயரம். தரையில் டைல்ஸ், சுவரில் சிமென்ட் பூச்சு. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் ‘எல்’ ஆங்கிள் அடித்து, முன்சுவரின் இரு மேல்மூலைகளில், தளத்தைத் தொடுகிற மாதிரி ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் கை எட்டாது, இடமும் அடையாது. எதிர்ச்சுவரில் முதுகு சாய்த்தபடி அண்ணனின் நாற்காலி. நம் ஊரில் பாதி வீடுகளில் பாட்டு கேட்கும் ஏற்பாடு இப்படித்தான் இருக்கிறது.

“அண்ணி, ஆறு மணிக்கு வீட்ல வழக்கமா என்ன நடக்கும்?” என்று கேட்டேன்.

“வெளக்கு வெப்பேன். அதுக்கு முன்னாடி ஜன்னல் கதவ சாத்திடுவேன். இல்லன்னா கழிமொகத்துக் கொசு மொத்தமும் உள்ளதான்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பாட்டின் அடித்தொண்டை இளகியது. சாத்தினார், தடித்தது. மறுபடி திறந்தார். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வோல்டேஜும் அப்படியே இருந்தன. மாறியது அறை ஒன்றுதான்.

இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்தவர்களுக்கு அறை செய்யும் வேலை எளிதில் விளங்கும். நடையின் வேகம் குடத்துத் தண்ணீரின் ஆட்டத்தோடு ஒத்துப்போகும் ஒரு கட்டத்தில், தண்ணீர் தளும்பி முழங்கையை நனைக்கும். கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ நடந்தால் அடங்கிவிடும். குடத்துக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. தளும்பும்போது உற்றுப் பார்த்தால் தண்ணீர் விளிம்பில்தான் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அவ்வளவாக மாறாது. அறைக்குள் இருக்கும் காற்றும் இப்படித்தான் தளும்புகிறது.

நம் வெயிலில், 32 டிகிரி சூட்டில், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே பத்தடி, அதாவது 3.05 மீட்டர். போய்த் திரும்ப 6.1 மீட்டர். 350-ஐ 6.1-ஆல் வகுத்தால் 57. நொடிக்கு 57 அதிர்வு உள்ள ஒலி போய் மோதித் திரும்பும் நேரத்தில் ஸ்பீக்கர் அடுத்த அலையைத் தள்ளத் தயாராக இருக்கும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவது போலத்தான், ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்துகொள்கிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 55. எண்பதுகளின் சினிமாப் பாட்டு எதை எடுத்தாலும் அந்த வட்டாரத்தில் பேஸ் கிட்டார் நடமாடிக்கொண்டே இருக்கும். நடமாடும்போது 57-ஐ மிதித்தால் அறை பிடித்துக்கொள்ளும். மற்ற சுரங்கள் வந்து போகும், இது மட்டும் நிற்கும். “ஒரே எடத்துல நிக்குது” என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையாக இருந்தால் நீளவாக்கில் 48, அகலவாக்கில் 57 என்று தளும்பல் பிரிந்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று தளும்பலும் அந்த ஒரே 57-இல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காரும். வாஸ்துவுக்கும் செங்கல் கணக்குக்கும் சதுர அறை வசதிதான். பாட்டுக்கு அதைவிடக் கஷ்டமான வடிவம் அனேகமாக இல்லை. வீடு கட்டுகிறவர்கள் ஒரு சுவரை ஓரடி தள்ளிப்போட்டால் போதும் என்பதை எந்த வரைபடக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் அது.

ஜன்னல் எங்கே வருகிறது? 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபம் புதிதாகக் கட்டப்பட்டபோது, உள்ளே பேசியது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் பிறந்து அடங்க ஐந்தரை நொடி ஆனது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் கிளமென்ட் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவு இரவாகப் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஓசை காதுக்கு எட்டாமல் போகும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அந்த உழைப்பில் பிறந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் வைத்துக்கொண்ட அளவை என்ன தெரியுமா? திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது, ஆகவே ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் என்றால் முழு உறிஞ்சல்.

அந்தச் சூத்திரத்தில் அண்ணன் வீட்டு ஹாலைப் போட்டுப் பார்க்கலாம். சிமென்ட் பூச்சும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் விழுங்கும். சாமான் எதுவும் இல்லாத பத்தடிச் சதுர அறையில் ஓசை அடங்க நான்கு நொடி ஆகும். நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றைத் திறந்தால் இரண்டு நொடிக்கும் கீழே வந்துவிடும். கட்டிலும் துணியும் ஆளும் சேர்ந்தால் இன்னும் குறையும். சின்ன அறையில், 57 போன்ற கீழ்ச்சுரத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் குடத்தின் பக்கவாட்டில் ஓட்டை போட்டால் தளும்பல் குறையும் என்பதில் மாற்றமில்லை. கனத்த திரைச்சீலை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். 57-இன் அலைநீளம் இருபது அடி, அதற்குத் திரைச்சீலை இருப்பதே தெரியாது.

ரிச்சி தெருப் பயணத்தைத் தள்ளிவைத்தோம்.

முதல் வேலை பெட்டிகளை மூலையிலிருந்து இறக்குவது. கீழ்ச்சுரம் பெட்டியிலிருந்து எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் ஒரு சுவர் இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டியதும் முன்னால் வந்து சேரும், ஓசை 6 டெசிபல் வரை கூடும். மேல்மூலையில் இரண்டு சுவரும் தளமுமாக மூன்று பரப்பு. தவிர, தளும்பும் குடத்தின் விளிம்பும் அதுதான், மூன்று தளும்பலையும் ஒரே சமயத்தில் உசுப்பிவிட அதைவிட வசதியான இடம் கிடையாது. எதிர்ச்சுவரில் தலைசாய்த்துக் கேட்கும் அண்ணன் இருப்பதும் விளிம்பில்தான். விளிம்பில் தள்ளி, விளிம்பில் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறக்கிய பெட்டியை எதன் மேல் வைப்பது? அத்திப்பட்டில் அதற்குப் பஞ்சமில்லை. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல் வீட்டுக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தது. ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல உயரம். வரிக்கு இரண்டாக, ஒரு வரி நெடுக்கு ஒரு வரி குறுக்கு என்று எட்டு வரி வைத்தால் இரண்டடிப் பீடம். ஒரு பெட்டிக்குப் பதினாறு கல். நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றேகால் அடியில் இருக்கிறது, பீடத்தில் ஏற்றிய பெட்டியில் மேல்சுரம் பாடும் ட்வீட்டரும் அதே உயரத்துக்கு வந்தது. செங்கல் கனமானது, அதிராது, செலவும் இல்லை. நான் பார்த்த விலை உயர்ந்த இரும்பு ஸ்டாண்டுகள் சிலவற்றைவிட அது நன்றாக நின்றது.

அடுத்து, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி? கீழ்ச்சுரம் பாடும் வூஃபரிலிருந்து பின்பக்கம் போன அலை சுவரில் மோதித் திரும்பிவந்து முன்னால் போகும் அலையோடு சேர்கிறது. திரும்பிவரும் தூரம் அரை அலைநீளமாக இருந்தால், ஒன்று மேடாக இருக்கும்போது மற்றது பள்ளமாக இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றரை அடி தள்ளி வைத்தால் 191 அதிர்வை ஒட்டி ஒரு பள்ளம், இரண்டடி என்றால் 143-இல், இரண்டரை அடி என்றால் 115-இல். பள்ளத்தைத் தவிர்க்க முடியாது. எல்லாப் பள்ளமும் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். எனவே பெட்டியின் முகம் அதன் பின்னாலிருக்கும் முன்சுவரிலிருந்து ஒன்றரை அடி, பக்கச்சுவரிலிருந்து இரண்டடி, வூஃபரின் நடு தரையிலிருந்து இரண்டரை அடி என்று வைத்தோம். மூன்றும் வேறு வேறு அளவு, அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்போது இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஆறடி. அண்ணன் கொத்தனார் நூலை எடுத்துவந்தார். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஆறடி நூல் இழுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் சாக்பீஸால் தரையில் புள்ளி வைத்தோம். தலை அங்கே வர வேண்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். அந்தப் புள்ளி பின்னாலிருக்கும் சுவரிலிருந்து மூன்றேகால் அடி முன்னே விழுந்தது. 57-இன் தளும்பலில் விளிம்பில் இருப்பதில் பாதிதான் அங்கே இருக்கும். அகலவாக்கில் தலை சரிநடுவில், அந்தத் தளும்பல் நடுக்குடம் போல அசையாமல் கிடக்கும். ஜன்னல் சாத்தியிருந்தும் டொம்மு பாதியாக வடிந்திருந்தது.

ஆறடி முக்கோணம் ஏன் என்பதற்குக் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால் இடக்காதுக்கு முந்தியும் வலக்காதுக்குப் பிந்தியும் சேரும். தலையின் அகலம் சின்னது என்பதால் இந்த இடைவெளி அதிகபட்சம் ஒரு மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்குதான். மூளைக்கு அது தாராளம். ஒரு நொடியை ஒரு லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட அது கண்டுகொள்ளும். மேல்சுரங்களுக்குத் தலையே மறைப்பாக நின்று நிழல் போடும், அப்போது எந்தக் காதில் சத்தம் கூடுதல் என்று பார்க்கும். கீழ்ச்சுரத்துக்கு நேரம், மேல்சுரத்துக்கு நிழல் என்று 1907-இல் ராலே பிரபு இதைப் பிரித்துச் சொன்னார். இவ்வளவையும் நாம் கவனிக்காமலேயே மூளை செய்துகொண்டிருக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கும்மிடிப்பூண்டி வண்டி போகும்போது கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம்.

ரயில் ஓசைக்கு ஸ்டீரியோவின் கதையில் ஒரு இடம் உண்டு. லண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் ஆலன் ப்ளூம்லைன் என்று ஒரு எஞ்சினீயர். மனைவியோடு சினிமாவுக்குப் போனபோது, நடிகர் திரையில் ஒரு ஓரமாக நடந்துபோக அவர் குரல் மட்டும் வேறெங்கோ நின்றுகொண்டிருந்தது அவரை உறுத்தியது என்பார்கள். 1931 டிசம்பரில் இரண்டு ஸ்பீக்கர்களால் ஒலிக்கு இடம் கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1935-இல் அதைச் சோதிக்கப் படம் எடுத்தபோது, கட்டடத்தின் மேலிருந்து ஹேய்ஸ் ஸ்டேஷனில் ரயில்கள் போவதைப் பதிவு செய்தார். ரயில் திரையில் எங்கே இருக்கிறதோ ஓசையும் அங்கே இருந்தது. 1942-இல் விமானத்தில் ரேடார் சோதிக்கும்போது விபத்தில் இறந்தார், வயது 38. அவர் கண்ட முறை வீடுகளுக்குப் பரவியதை அவர் பார்க்கவில்லை. நம் பக்கம் வர இன்னும் நாள் ஆயிற்று. ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படம் 1978-இல் வந்த ‘பிரியா’ என்பார்கள்.

ஸ்டீரியோவின் மாயம் நடுவில் இருக்கிறது. இரண்டு பெட்டியும் ஒரே குரலை, ஒரே அளவில், ஒரே நேரத்தில் தந்தால், மூளை அதை இரண்டு குரலாக எடுத்துக்கொள்ளாது. நடுவே, ஒன்றுமில்லாத வெட்டவெளியில், ஒரு ஆளை நிறுத்தி வைக்கும். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கூட்டினால் அந்த ஆள் அந்தப் பக்கம் நகர்வார். 15 டெசிபல் அளவுக்கு வித்தியாசம் வந்தால் பெட்டிக்குள்ளேயே போய்விடுவார். நேரத்தில் ஒரு மில்லி நொடி வித்தியாசம் வந்தாலும் இதே கதி. இப்போது தூரத்தைப் பாருங்கள். ஆறடி முக்கோணத்தின் முனையிலிருந்து தலையை ஓரடி பக்கவாட்டில் நகர்த்தினால், ஒரு பெட்டியின் தூரம் கூடி மற்றதன் தூரம் குறைந்து, இரண்டுக்கும் வித்தியாசமே ஓரடி ஆகிவிடும். ஓரடியைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 0.9 மில்லி நொடி. பாடகர் பக்கத்துப் பெட்டிக்குள் ஒடுங்கிவிடுவார். நாற்காலியைத் தோராயமாகப் போட்டுக்கொண்டு ஸ்டீரியோ சரியில்லை என்று சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் குறை இந்த ஓரடியில்தான் இருக்கிறது.

முந்தி வந்த ஓசைக்கே மூளை இடம் கொடுப்பதை ஆடி மாதம் எந்த அம்மன் கோயில் தெருவிலும் சோதிக்கலாம். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. இரண்டு கம்பம் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் நடந்தால், பக்கத்துக் கம்பம் மட்டுமே பாடுவதாகத் தோன்றும். பாதி தூரம் தாண்டியதும் பாட்டு சட்டென்று அடுத்த கம்பத்துக்குத் தாவிவிடும். பிந்தி வருவதைக் காது தூக்கி எறிவதில்லை, முந்தியதன் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறது. பிந்தி வந்தது பல டெசிபல் கூடுதலாக இருந்தாலும்கூட முந்தியதற்குத்தான் இடம் என்று ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் அளந்து காட்டினார். கம்பங்கள் இருநூறு அடி இடைவெளியில் இருந்தால் மட்டும், ஆறில் ஒரு நொடி பிந்தி வரும் தூரத்துக் குரலைச் சேர்த்துக்கொள்ள முடியாமல், இரட்டைக் குரலாகக் கேட்கும்.

நாற்காலியைச் சாக்பீஸ் புள்ளியில் போட்டு அண்ணன் உட்கார்ந்தார். பாட்டு வந்தது, பாடகர் வரவில்லை. குரல் அறை முழுக்கக் கலைந்துபோய் எங்கேயும் நிற்காமல் இருந்தது. பேஸும் மெலிந்துவிட்டது. இறக்கி மாட்டும் அவசரத்தில் ஒரு பெட்டியில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, சுவர்க் கடிகாரத்து ஒன்றரை வோல்ட் செல்லின் முனைகளில் ஒரு கணம் தொட்டால் வூஃபர் தாள் அசையும். சிவப்பு ஒயர் செல்லின் மேல்முனையில் படும்போது தாள் வெளிப்பக்கம் குதிக்க வேண்டும். ஒன்று வெளியே குதித்தது, ஒன்று உள்ளே பதுங்கியது. மாற்றி மாட்டினோம். அண்ணன் மறுபடி உட்கார்ந்தார், சட்டென்று கையை நீட்டினார். “இங்க நிக்கிறாரு தம்பி.” அவர் விரல் காட்டிய இடத்தில் சாமி படம் மாட்டிய வெறும் சுவர்தான் இருந்தது.

இனிமேல்தான் கோணம். அதற்கு முன்னால் ஒரு பானையைப் பார்க்க வேண்டும்.

டீக்கடையிலும் சலூனிலும் மண்பானை ஸ்பீக்கர் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்து, ஓரத்தை அடைத்து, ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அண்ணனிடமும் வயசுக் காலத்தில் செய்தது ஒன்று பரணில் இருந்தது. அது வெறும் சிக்கனம் இல்லை, நல்ல எஞ்சினீயரிங். ஸ்பீக்கர் தாளின் முன்பக்கம் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது, பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் ஓரத்தில் சந்தித்துக் கீழ்ச்சுரத்தைத் தின்றுவிடும். பானை பின்பக்கத்தை அடைத்துவிடுகிறது. உருண்டையான சுட்ட மண் பலகையைப் போல நடுங்காது. எல்லாவற்றுக்கும் மேல், அது கூரையைப் பார்க்கிறது. கடையில் யார் எங்கே உட்கார்ந்தாலும் மேல்சுரம் கூரையில் பட்டு எல்லோருக்கும் ஒரே அளவில் சிதறும். சவரம் செய்துகொள்பவருக்கும் பெஞ்சில் காத்திருப்பவருக்கும் ஒரே பாட்டு. அந்தப் பானைகளை வடித்தவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். தங்களுக்கு வேண்டியது என்ன என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒருவருக்கும் நேரே பாடாமல் எல்லோருக்கும் பாட வேண்டும் என்றால் மேலே பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கர் பார்க்கும் திசை ஏன் முக்கியம் என்றால், அலைநீளம் தாளின் அகலத்தைவிடச் சின்னதாகும்போது ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரிக் குவிய ஆரம்பிக்கும். எட்டு அங்குல வூஃபர் 1,750 அதிர்வு வாக்கில் குவியத் தொடங்கும். அதற்குமேல் ஓரங்குல ட்வீட்டரிடம் பொறுப்பு மாறும், அதுவும் உச்சத்தில் குவியும். ஜாலரா, வீணையின் மீட்டு, ‘ச’ ‘ஷ’ உச்சரிப்பு எல்லாம் நேர்கோட்டில்தான் முழுசாகக் கிடைக்கும். கச்சேரி மேடையில் இது வழிவழியாகத் தெரிந்த விஷயம். மிருதங்க வித்வான் பாடகருக்கு வலப்பக்கம், பாடகரைப் பார்த்து உட்காருவார். அதனால் அவர் வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவர் எதிர்ப்பக்கம் மாறி உட்காருவதும் அதற்காகத்தான். கரணை பூசிய அந்த வலந்தலையின் மேல்சுரங்கள் மற்றத் தோல்வாத்தியங்களைப் போலச் சிதறாமல் அடிச்சுரத்தின் நேர் மடங்குகளாக ஒழுங்குபட்டிருப்பதைச் சி.வி. ராமன் 1920-இல் எழுதினார். அந்த நாதம் சபைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று மேடையில் உட்கார்ந்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

பெட்டி இரண்டும் எதிர்ச்சுவரை நேராகப் பார்த்து நின்றால், இரண்டடியில் இருக்கும் பக்கச்சுவருக்கு மேல்சுரம் தாராளமாகப் போகும். அங்கிருந்து திரும்பி நேர் ஒலிக்கு 2.4 மில்லி நொடி பிந்திக் காதுக்கு வரும். எதிரொலியாகத் தெரியாது, ஆனால் பாடகரின் உருவத்தை ஈரச்சுவரில் எழுதிய எழுத்து மாதிரிக் கரைத்துவிடும். சுவரில் அது எங்கே படுகிறது என்று கண்டுபிடிக்க, அண்ணி முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் ஒட்டினாற்போல் நகர்த்திக்கொண்டே போனார். நாற்காலியில் இருந்தவருக்குக் கண்ணாடியில் ட்வீட்டர் தெரிந்த இடத்தில் நிறுத்தச் சொன்னோம். முன்சுவரிலிருந்து மூன்றடி. ஒளி போகும் வழியில்தான் மேல்சுரமும் போகும். இரண்டு பக்கமும் அந்த இடத்தில் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து, சுவரில் ஒட்டாமல் நாலங்குலம் முன்னால் தொங்கவிட்டோம். இடைவெளி இருந்தால்தான் நடுச்சுரத்தையும் கொஞ்சம் பிடிக்கும்.

பிறகு பெட்டிகளை அண்ணன் காதைப் பார்த்து உள்பக்கம் திருப்பினோம், 30 டிகிரி. குரலுக்கு விளிம்பு வந்தது. மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம், நடுவில் பாடகர் என்று பழைய கச்சேரிப் பதிவு ஒன்று விரிந்தது. அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுக்களை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணிதான் சொன்னார்: “எனக்கு இந்த ஒரு பொட்டிதான் கேக்குது. அந்தப் பக்கத்து ஆளே காணோம்.”

அவர் உட்காரும் இடம் நாற்காலிக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளி. வலப்பெட்டி அவருக்குக் கிட்ட, அதன் ஓசை முந்தி வருகிறது, எல்லாம் அதற்குள் போய்விடுகிறது. நேரத்தை நாம் மாற்ற முடியாது. அளவை மாற்றலாம். பெட்டிகளை இன்னும் உள்ளே திருப்பி, இரண்டின் பார்வையும் அண்ணனின் முகத்துக்கு முன்னாலேயே குறுக்கே வெட்டும்படி வைத்தால், வலப்பெட்டியின் குவிந்த ஒலி அண்ணியைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும். எட்ட இருக்கும் இடப்பெட்டி அவரை நேராகப் பார்க்கும். முந்தி வருவது மெலிகிறது, பிந்தி வருவது வலுக்கிறது. முழுதும் ஈடாகாது, ஆனால் பாடகர் பெட்டியை விட்டு வெளியே வந்து நிற்பார்.

எவ்வளவு திருப்புவது? அண்ணனே நூலை எடுத்தார். பெட்டிகளுக்கு நடுவில் உள்ள புள்ளியிலிருந்து ஒரு பெட்டி மூன்றடி. அதே புள்ளியிலிருந்து நேர் முன்னே நான்கடி அளந்து குறி வைத்தார். பெட்டியிலிருந்து குறிக்கு நூல் பிடித்தால் ஐந்தடி. மூலை மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் மூன்று-நான்கு-ஐந்து. கோணம் 37 டிகிரி, குறி அண்ணன் தலைக்கு ஓரடிக்கும் சற்று முன்னே. நூல் போகும் வழியில் பெட்டியின் முகத்தைத் திருப்பி, செங்கல் மேல் சாக்பீஸால் கோடு போட்டார். பேரிங் மாட்டுகிற கவனம் அந்தக் கோட்டில் இருந்தது.

அண்ணனின் இடத்தில் மேல்சுரம் ஒரு இழை குறைந்தது. நான் அதைச் சொன்னேன். “இருக்கட்டும்” என்றார். அண்ணி கீரையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், இரண்டு பெட்டிக்கும் நடுவே.

அடுத்த ஞாயிறு போனபோது ஜன்னலுக்கு நைலான் கொசுவலை அடித்திருந்தார்கள். ஓரத்தில் ஒட்டுப் பட்டை, துவைக்கக் கழற்றிக்கொள்ளலாம். வலையின் நூலும் கண்ணும் ஒலியின் அலைநீளத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, இருபதடி அலை அப்படியே வெளியே போய்விடும். கொசு உள்ளே வராது. கதவைச் சாத்தும் வேலை நின்றது. ஆனால் ஜன்னல் வெளி ஒலிக்கும் வழிவிடும்: நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி போகும்போது இரண்டு மூன்று நிமிடம் பாட்டு மொத்தமும் அமுங்கிவிடுகிறது. அண்ணன் அப்போது ஒலியைக் கூட்டுவதில்லை. பாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, வண்டி மீஞ்சூர்ப் பக்கம் தேய்ந்து போகிறவரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து போடுகிறார்.